தொலைதூர ஊர்களில் புகையிலையை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊர்கள் பற்றிய கேள்வி-பதில்

ஆஸ்திரேலியாவின் வடகோடியிலும் நடுப்பாலைவனத்திலும் சிதறிக் கிடக்கும் பூர்வகுடி ஊர்களில் எவ்வளவு புகையிலை செலவாகிறது என்பதை அறிய, ஆய்வாளர்கள் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அவற்றில் ஊர்க்கடையின் விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்ப்பது தனி ரகம். பொதுச் சுகாதாரம் படிப்பவர்களுக்கும், அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற நர்ஸ், டாக்டர், மருந்தாளர்களுக்கும் வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

‘தொலைதூர ஊர்’ என்றால் எவ்வளவு தூரம்?

வடக்கிலுள்ள நார்தர்ன் டெரிட்டரி என்ற பிரதேசத்தின் ஆர்னம் லேண்ட் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மிலிங்கிம்பி, கலிவின்கு, ராமிங்கினிங் போன்ற ஊர்களில் சில நூறு பேரிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வரை இருப்பார்கள். முதல் இரண்டும் தீவு ஊர்கள். கரையிலுள்ள ஊர்களில் மழைக்காலத்தில் சாலை மூழ்கிவிடும். அப்புறம் சரக்குப் படகு அல்லது சிறு விமானம்தான். பெரும்பாலும் ஊருக்கு ஒரு கடை, இருந்தால் இரண்டு. அரிசி, மாவு, டயப்பர், சிகரெட் எல்லாம் அங்கேதான் வாங்க வேண்டும். குயின்ஸ்லாந்தின் கேப் யார்க், டோரஸ் நீரிணைத் தீவுகள், தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பாலைவனம், மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி ஆகிய இடங்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

பூர்வகுடி மக்களில் பெரும்பாலோர் நகரங்களிலும் நகரை ஒட்டிய பகுதிகளிலும் வாழ்கிறார்கள். இங்கே பேசுவது மீதிச் சிறுபான்மையைப் பற்றி.

நாடு முழுக்கக் கணக்கெடுப்பு நடக்கிறதே, தனியாக எதற்கு?

நாட்டுக் கணக்கு நல்ல சேதி சொல்கிறது. ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகத்தின் கணக்குப்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பூர்வகுடி மக்களில் தினமும் புகைப்பவர்கள் 2012–13-இல் 41 சதவீதம், 2018–19-இல் 37 சதவீதம், 2022–23-இல் 29 சதவீதம். இப்படிச் சரிவது சாதாரண விஷயமில்லை.

ஆனால் 2018–19 கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. சரிவு முழுக்க நகரம் சார்ந்த பகுதிகளில்தான் நடந்திருந்தது. தொலைதூரப் பகுதிகளில் முன்பும் ஏறத்தாழ பாதிப் பேர், அப்போதும் ஏறத்தாழ பாதிப் பேர். சராசரியை மட்டும் பார்த்துவிட்டு ‘நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது’ என்று இருந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இன்னொரு சிக்கல் வேகம். பெரிய கணக்கெடுப்பு நான்கு, ஆறு வருடங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஓர் ஊரில் இந்த மார்ச்சில் தொடங்கிய திட்டம் பலித்ததா என்று அதில் தெரியாது. ஊர் வாரியான எண்ணிக்கையும் அதில் கிடைக்காது. மாதிரி அவ்வளவு சிறியது.

அங்கே மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்?

இதற்கு ‘வறுமை, வேலையின்மை’ என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

ஆர்னம் லேண்ட் கரைக்குப் புகையிலை வெள்ளைக்காரர்களுக்கு முன்பே வந்துவிட்டது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து மக்காசர் மாலுமிகள் கடல் அட்டை பிடிக்க வருடா வருடம் வந்தார்கள். குறைந்தது 18-ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து 1907 வரை இந்தப் போக்குவரத்து இருந்தது. நீண்ட மரக் குழாயில் புகைக்கும் வழக்கம் அவர்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் அது பருவத்துக்கு வந்து போகும் சரக்கு. வருடம் முழுக்கக் கிடைக்கவில்லை.

தினசரிப் பழக்கமாக மாற்றியது பின்னால் வந்த கிறிஸ்தவ மிஷன்களும் மாட்டுப் பண்ணைகளும் அரசுக் குடியிருப்புகளும்தான். மாவு, சர்க்கரை, தேயிலையோடு புகையிலையும் ரேஷனாகக் கொடுத்தார்கள். பல இடங்களில் கூலியே அதுதான். மாட்டுப் பண்ணைத் தொழிலாளிகளுக்குச் சம ஊதியம் கிடைக்க 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது, இன்றைக்கு எழுபது வயதாகும் ஒருவரின் அப்பா புகையிலையைக் கூலியாக வாங்கியிருக்க நல்ல வாய்ப்புண்டு. ‘இவர்களுக்கு ஏன் இந்தக் கெட்ட பழக்கம்’ என்று கேட்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆட்களிடமே ‘ஒரு நாளைக்கு எத்தனை?’ என்று கேட்டுவிட்டால் போதாதா?

கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு ஓர் அனுமானம் இருக்கிறது: ஒவ்வொருவரிடமும் ஒரு சொந்தப் பாக்கெட் இருக்கும், அதில் எத்தனை குறைந்தது என்று அவருக்குத் தெரியும். தொலைதூர ஊர்களில் இது நடப்பதில்லை. உறவுக்காரர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். நாளைக்கு நீங்கள் கேட்டால் அவர் கொடுத்தாக வேண்டும். ஒரு பாக்கெட் திறந்தால் பத்துக் கை நீளும். ஒரே சிகரெட்டை மூன்று பேர் மாற்றி மாற்றி இழுப்பதும் உண்டு. சம்பளம் அல்லது உதவித்தொகை வந்த நாளில் நிறைய, அதற்கு முந்தின நாளில் ஒன்றுமே இல்லை. இதில் ‘சராசரியாக எத்தனை’ என்று கேட்டால் மனிதர் என்ன சொல்வார்? ஏதோ ஓர் எண் சொல்லி அனுப்பிவிடுவார்.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். வெளியிலிருந்து வந்த ஆய்வாளர் ஆங்கிலத்தில் கேட்டால் ஒன்று, அந்த ஊர்ப் பெண்ணே ஆர்னம் லேண்டின் பூர்வகுடி மொழியான யோல்ங்குவில் கேட்டால் ஒன்று. கர்ப்பிணிகளிடம் நர்ஸ் கேட்கும்போது குறைத்துச் சொல்லும் வழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. இங்கே கூச்சத்தோடு, ‘குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ’ என்ற பழைய பயமும் சேர்கிறது. அந்தப் பயத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது: பூர்வகுடிக் குழந்தைகளை அரசே பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன காலம் உண்டு.

சரி, கடைக் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

ஊரில் ஒரே கடை என்பது வாழ்பவர்களுக்குத் தொல்லை, கணக்கெடுப்பவர்களுக்கு வரம். சிட்னியில் ஒருவர் எந்தக் கடையில் சிகரெட் வாங்கினார் என்று பின்தொடர முடியாது. இங்கே ஊருக்குள் வரும் புகையிலை கிட்டத்தட்ட முழுவதும் ஒரே வாசல் வழியாக வருகிறது. அந்த வாசலில் ஒரு பில் மெஷின் இருக்கிறது.

இரண்டு வகைத் தரவு எடுக்கலாம். ஒன்று, கல்லாவில் ஸ்கேன் ஆகும் சில்லறை விற்பனை. இன்னொன்று, மொத்த வியாபாரி கடைக்கு அனுப்பிய சரக்கின் விலைப்பட்டியல். முதலாவது துல்லியம். வாரம் வாரியாக, பொருள் வாரியாகப் பிரியும். இரண்டாவதில் சரக்கு வந்த தேதிக்கும் விற்ற தேதிக்கும் இடைவெளி இருக்கும். மழைக்காலத்துக்கு முன் கடைக்காரர் மூன்று மாதச் சரக்கை ஒரேயடியாக இறக்கினால் வரைபடம் மலைபோல் எழும்பிப் பிறகு தரைக்கு வரும். ஊரில் யாரும் திடீரென்று அதிகம் புகைக்கவில்லை, படகு வந்தது, அவ்வளவுதான். ஆனால் பழைய கடைகளில், கணினி இல்லாத காலத்தில், விலைப்பட்டியல்தான் மிஞ்சியிருக்கும்.

பல கடைகளை ஒரே நிறுவனம் நடத்தும்போது இந்த வேலை எளிதாகிறது. 1972-இல் தொடங்கிய, யோல்ங்கு மக்களுக்குச் சொந்தமான ஆர்னம் லேண்ட் முன்னேற்றக் கழகம் ஓர் உதாரணம். 2006-இல் மத்திய அரசு தொடங்கிய அவுட்பேக் ஸ்டோர்ஸ் இன்னொன்று. நார்தர்ன் டெரிட்டரியின் தலைநகர் டார்வினில் உள்ள மென்சீஸ் சுகாதார ஆய்வு நிலையமும், குயின்ஸ்லாந்தின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகமும் இந்த வகைத் தரவை வைத்துப் பல வருடங்களாக வேலை செய்கின்றன. ஜேம்ஸ் குக் குழு ஆர்னம் லேண்டில், ஆட்கள் சொன்ன எண்ணிக்கையையும் ஊருக்குள் வந்த புகையிலையின் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டில் ஒன்றை மட்டும் நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

பாக்கெட் சிகரெட்டும் தூள் புகையிலையும் ஒரே கணக்கில் எப்படிச் சேரும்?

தூள் என்பது கையால் சுருட்டிப் புகைக்கும் பொட்டலப் புகையிலை. அதன் எடையை ஒரு சிகரெட்டின் எடையால் வகுத்துக் குச்சியாக்க, அதாவது சிகரெட் எண்ணிக்கையாக்க, வேண்டும். ஒரு சிகரெட்டுக்கு 0.8 கிராம் என்று ஆஸ்திரேலிய வரிச்சட்டம் முன்பு எடுத்துக்கொண்டது. 2017 முதல் படிப்படியாகக் குறைத்து 2020-இல் 0.7 ஆக்கினார்கள். 30 கிராம் பொட்டலம் முதல் கணக்கில் 37.5 குச்சி, இரண்டாவதில் ஏறக்குறைய 43. ஒரே விற்பனைதான், வகுக்கும் எண்ணை மாற்றினால் சுமார் 14 சதவீத ‘உயர்வு’ வந்துவிடுகிறது. ஆகவே எந்த எண்ணை வைத்தாலும் பரவாயில்லை, தொடக்கம் முதல் கடைசி வரை அதையே வைத்திருக்க வேண்டும்.

பாக்கெட்டிலும் 20, 25, 30, 40, 50 என்று பல அளவுகள் புழங்கின. பாக்கெட்டை எண்ணினால் தப்பாகும், குச்சியைத்தான் எண்ண வேண்டும். 2025 ஏப்ரல் முதல் பாக்கெட்டுக்கு 20 குச்சி என்று சட்டமே ஒரே அளவாக்கிவிட்டதால் இந்தத் தலைவலி குறையும்.

ரூபாய்க் கணக்கை, அதாவது டாலர்க் கணக்கை, தொடவே கூடாது. 2013 முதல் 2020 வரை வருடத்துக்கு 12.5 சதவீதம் வரி ஏறியிருக்கிறது. விற்பனை குறைந்தாலும் வருமானம் ஏறியபடியே இருக்கும்.

குச்சி தெரிந்துவிட்டது. தலைக்கு எத்தனை என்று சொல்வது எளிதுதானே?

இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் தடுக்கி விழுகின்றன.

ஒரு கற்பனை ஊர். 15 வயதுக்கு மேல் 600 பேர். 30 நாளில் 90,000 குச்சி விற்றது என்று வையுங்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 5. சரி, அந்த 600 எங்கிருந்து வந்தது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. 2021 கணக்கெடுப்பில் பூர்வகுடி மக்களில் 17.4 சதவீதம் பேர் விடுபட்டார்கள் என்று புள்ளியியல் பணியகமே பிறகு சொன்னது. உண்மையில் ஊரில் 720 பேர் இருந்தால் தலைக்கு 4.2 ஆகிவிடும். யாரும் ஒரு சிகரெட்டைக்கூடக் குறைக்காமலேயே பெரிய வெற்றி!

அதோடு ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். சாவு நடந்தால் நூற்றுக்கணக்கான உறவினர் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். கால்பந்துத் தொடர், திருவிழா, சடங்கு, நீதிமன்ற நாள் எல்லாவற்றுக்கும் கூட்டம் கூடும், கலையும். வறண்ட காலத்தில் குடும்பங்கள் தங்கள் சொந்த நிலத்திலுள்ள சிறு குடியிருப்புகளுக்குப் போய்விடும். கட்டட வேலைக்கு வந்த வெளியூர் ஆட்களும் அதே கடையில்தான் வாங்குவார்கள்.

இதற்கு முழுத் தீர்வு கிடையாது. என் கருத்தில் தலைக்கணக்கை விட்டுவிட்டு, ஒரே ஊரை அதே ஊரோடு ஒப்பிடுவதுதான் நேர்மை. இந்த வருட ஜூன்–ஆகஸ்ட்டைப் போன வருட ஜூன்–ஆகஸ்ட்டோடு வைத்துப் பாருங்கள். ஓர் ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது வேண்டாத வேலை. கூடவே உணவு விற்பனையையும் பார்க்க வேண்டும். ரொட்டி, மாவு, சிகரெட் எல்லாம் ஒன்றாக ஏறியிருந்தால் ஊரில் ஆள் கூடியிருக்கிறது. சிகரெட் மட்டும் ஏறியிருந்தால் விஷயம் வேறு.

கடைக் கணக்கால் எந்தக் கேள்விக்காவது உருப்படியான பதில் கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. அதில் ஒன்று அரசுக்குப் பிடிக்காத பதில்.

2007-இல் பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு நார்தர்ன் டெரிட்டரியில் ‘அவசர நடவடிக்கை’ என்று இறங்கியது. அதன் ஒரு பகுதியாகப் பூர்வகுடி ஊர்களில் உதவித்தொகையில் பாதியை முடக்கி, அந்தப் பணத்தில் மது, புகையிலை வாங்கக் கூடாது என்று கட்டினார்கள். பணம் தானாக உணவுக்குத் திரும்பும் என்று அமைச்சர்கள் பேசினார்கள். மென்சீஸ் ஆய்வாளர்கள் பத்து ஊர்க்கடைகளின் 2006 முதல் 2009 வரையிலான விற்பனையை எடுத்துப் பார்த்தார்கள். புகையிலை விற்பனை இந்தக் கட்டுப்பாட்டால் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. பழம், காய்கறி கூடவும் இல்லை. பாதிப் பணத்தைக் கட்டினால் மீதிப் பாதியில் வாங்கிக்கொண்டார்கள். ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஆளுக்கொரு கதை வந்திருக்கும், விவாதம் முடிந்திருக்காது. கல்லா சொன்னதை மறுப்பது கடினம்.

இன்னொன்று வரி பற்றியது. 2010 ஏப்ரல் 30 அன்று புகையிலை வரியை ஒரே இரவில் 25 சதவீதம் ஏற்றினார்கள். தொலைதூரக் கடைகளில் சரிவு இருந்தது, ஆனால் சிறியது. விலை ஏறினால் விற்பனை குறையும் என்ற விதி பகிர்ந்து புகைக்கும் ஊரில் அப்படியே பொருந்துவதில்லை. தன்னிடம் காசில்லாதவருக்கும் சிகரெட் கிடைத்துவிடுகிறதே.

மூச்சு, எச்சில், சிறுநீர்ப் பரிசோதனை நம்பகமானது இல்லையா?

ஆய்வுக்கூடத்தில் நம்பகமானதுதான். மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் கருவி சில மணி நேரக் கணக்கைத்தான் காட்டும். மாலையில் விறகு அடுப்பு, தீமூட்டம் சுற்றி உட்கார்ந்திருந்தவரிடமும் அது ஏறும். எச்சிலிலோ சிறுநீரிலோ கோட்டினின் (நிகோட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்) பார்த்தால் சில நாள் வரை தெரியும். ஆனால் நிகோட்டின் பட்டை ஒட்டியவருக்கும் அது வரும், கஞ்சாவோடு புகையிலை கலந்து புகைப்பவருக்கும் வரும். மாதிரியைக் குளிரில் வைத்து டார்வின் வரை அனுப்புவது தனிப் பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் மாதிரி கேட்பது நம்பிக்கையைக் கேட்பது. ஒரு சிகரெட் கணக்குக்காக அதைச் செலவழிக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

கழிவுநீரில் நிகோட்டின் அளக்கிறார்களாமே?

ஆம். ஆஸ்திரேலியக் குற்றப் புலனாய்வு ஆணையம் 2016 முதல் நடத்தும் கழிவுநீர்த் திட்டத்தில் நிகோட்டினும் உண்டு. பெரிய சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் நகரங்களுக்கு அது சரி. தொட்டிக் கழிவறையும் ஓடைக்கரைக் குடியிருப்பும் உள்ள ஊருக்குப் பயன்படாது. அதோடு, விடுவதற்காக நிகோட்டின் மிட்டாய் மெல்பவரையும் அது புகைப்பவராகவே காட்டும்.

எல்லாரும் புகைக்கத்தான் செய்கிறார்களா? மெல்லுவதில்லையா?

மெல்லுகிறார்கள். கணக்கெடுப்புப் படிவங்கள் இதைச் சரியாகப் பிடிப்பதில்லை. நடு ஆஸ்திரேலியாவில் காட்டில் தானாக வளரும் புகையிலை இனங்கள் இருக்கின்றன. பித்ஜந்த்ஜாரா மக்கள் மிங்குல்பா என்று சொல்கிற செடி அதில் முக்கியம். இலையை நசுக்கி, குறிப்பிட்ட மரப்பட்டையை எரித்த சாம்பலோடு உருட்டி, உதட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போல அந்தச் சாம்பல்: காரத்தன்மை சேர்ந்தால்தான் நிகோட்டின் உடம்பில் இறங்கும். பெண்கள், குறிப்பாக வயதானவர்கள், கையில் உருண்டையோடு இருப்பதை அங்கே சகஜமாகப் பார்க்கலாம்.

‘நீங்கள் புகைக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு அவர்கள் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள், அது உண்மைதான். கடையிலும் பதிவாகாது. செடியைக் காட்டில் பறித்துக்கொள்ளலாம். நமக்கு இது புரியும்: இந்தியாவின் 2016–17 புகையிலைக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைத்தார்கள், 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்தினார்கள். புகைப்பதை மட்டும் கேட்டிருந்தால் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும்.

கள்ளச் சிகரெட், வேப் (மின்சிகரெட்)?

இரண்டும் கடைக் கணக்கின் ஓட்டைகள். வரி ஏற ஏற ஆஸ்திரேலியாவில் கள்ளச் சரக்கு பெருகிவிட்டது. டார்வினிலிருந்தோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்தோ ஒரு பை ஊருக்குள் வந்தால் கல்லாவுக்குத் தெரியாது. வேப் 2024 ஜூலை முதல் சட்டப்படி மருந்துக்கடையில் மட்டும்தான். ஊர்க்கடையில் அது வராது. ஆகவே விற்பனை குறைந்தால் உடனே கைதட்டாமல், மருத்துவ நிலையத்தின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இந்தத் தரவு யாருக்குச் சொந்தம்?

விற்றது கடை. வாங்கியது ஊர். ஆய்வாளருக்கு இரண்டு பேரும் அனுமதி தர வேண்டும். ஊர்க்கடைகள் பலவற்றுக்கு உள்ளூர்க்காரர்களே இயக்குநர்கள். அவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லி, சம்மதம் வாங்கி, முடிவை முதலில் அவர்களிடம் காட்டிய பிறகே வெளியே பேசுவது முறை. 2018-இல் ‘மையம் நயிரி விங்கரா’ என்ற பூர்வகுடித் தரவுக் குழு கான்பெராவில் கூடி இதைக் கொள்கையாகவே எழுதி வைத்தது: தங்கள் மக்களைப் பற்றிய தரவைக் கட்டுப்படுத்தும் உரிமை தங்களுக்கே.

இது வெறும் மரியாதைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். 300 பேர் உள்ள ஊரின் பெயரைப் போட்டு ‘தலைக்கு இத்தனை சிகரெட்’ என்று அச்சிட்டால், மறுநாள் பத்திரிகைக்காரர் வந்து நிற்பார். அதற்கு அடுத்த நாள் அரசியல்வாதி. ஆகவே பெரும்பாலான ஆய்வுகளில் ஊர்ப் பெயரே இருக்காது.

கடையில் விற்பதையே நிறுத்திவிட்டால்?

ஊரே முடிவெடுத்தால் அது ஊரின் உரிமை. வெளியிலிருந்து திணித்தால் மது விஷயத்தில் நடந்ததுதான் நடக்கும்: வண்டி எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய் வாங்கி வருவார்கள். இருந்த ஒரே நல்ல கணக்கும் போய்விடும்.

அவர்களுக்கு விட ஆசை இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. 2012–13-இல் பூர்வகுடிச் சமூகங்களே நடத்தும் மருத்துவ நிலையங்கள் வழியாக 2,522 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கேட்டவர்களும் பெரும்பாலும் அந்தந்த ஊர் ஊழியர்களே. தினமும் புகைப்பவர்களில் 70 சதவீதம் பேர் விட வேண்டும் என்றார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் முந்தின ஒரு வருடத்துக்குள் முயன்றும் பார்த்திருந்தார்கள். ஆசைக்குப் பஞ்சமில்லை. சுற்றிலும் எல்லாரும் புகைக்கும்போது விட்டபடியே இருப்பதுதான் பாடு.

எவ்வளவு அவசரம் என்பதற்கு ஒரு கணக்கு: 2021-இல் வந்த ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வின்படி, 45 வயதுக்கு மேற்பட்ட பூர்வகுடி மக்களின் சாவுகளில் பாதிக்குக் காரணம் புகைப்பது.

2010-இல் தொடங்கிய பூர்வகுடிப் புகைத்தடுப்புத் திட்டத்துக்கு டாம் கல்மா தேசிய ஒருங்கிணைப்பாளராக இருந்தார், அவரும் பூர்வகுடிப் பெரியவர். உள்ளூர்க் குழுக்களுக்குப் பணம் கொடுத்து, வேலையை அவர்களிடமே விட்டார்கள்.

அந்தக் குழுக்களுக்குக் கடைக் கணக்கால் என்ன லாபம்?

வேகம். ஊழியர் ஒருவர் புகையில்லா வீடு பற்றி மூன்று மாதம் வீடு வீடாகப் பேசியிருப்பார். தேசியக் கணக்கெடுப்பு அடுத்து எப்போது வருமோ தெரியாது. கடை மேலாளரிடம் கேட்டால் அடுத்த வாரமே விற்பனை வரைபடம் கிடைக்கும். அதில் உதவித்தொகை வாரம், சாவு வீடு, படகு தாமதம் எல்லாவற்றையும் ஊழியரே குறித்துவிடுவார், ஏனென்றால் அந்த வாரங்களில் அவர் அங்கே இருந்தவர். டார்வினில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வெறும் மேடு பள்ளமாகத் தெரிவது அவருக்கு இன்னார் வீட்டுச் சாவு, இன்ன தேதிப் பந்தயம். குறைந்தது மூன்று மாதத்தைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.